நாள் குறித்த போதகரே, விதைப்புக் காலம் போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தம்பி இந்த முறை பெரும்போகத்துக்கு வயல் உழவில்லை. மட்டக்களப்புப் படுவான்கரையில், உன்னிச்சைப் பக்கமாக மூன்று ஏக்கர். மச்சாளுக்குச் சீதனமாக வந்த காணி. எனக்குத் தெரிய அந்த வயல் விதைக்காமல் கிடந்தது சண்டைக் காலத்தில் மட்டும்தான். இப்போது சண்டை இல்லை, மழையும் தொடங்கிவிட்டது. ஆனால் 2025 ஓகஸ்டில் ஒரு போதகர், தம்பி குடும்பம் போகிற பெந்தெகொஸ்தே ஜெபவீட்டுக்கு வந்து, செப்டெம்பர் 23ஆம் திகதி ஆண்டவரின் இரகசிய வருகை, விசுவாசிகளை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி நம்பினான். அதனால் உழவில்லை.

இதைப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று மூன்று கிழமையாக யோசித்தேன். கிறிஸ்தவர்களின் வீட்டு விஷயத்தை ஏன் சந்தைக்குக் கொண்டுபோகிறாய் என்று எங்கள் ஆலயத்திலேயே ஒருவர் கேட்டார். ஒலிபெருக்கி கட்டிச் சொன்னதும், யூடியூப்பில் போட்டதும் வீட்டு விஷயமாக எனக்குத் தெரியவில்லை. தம்பியின் வீட்டில் நடந்தது போல இன்னும் இரண்டு வீடுகளில் நடந்ததாக இப்போது காதில் விழுகிறது. வெட்கத்தில் அவர்கள் வாய் திறக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது 67. மெதடிஸ்த சபையில் பிறந்து வளர்ந்தவள். மட்டக்களப்பு நகரில் ஒரு நொத்தாரிஸ் கந்தோரில் 34 வருடம் லிகிதராக இருந்தேன். காணி உறுதிகளைத் தட்டச்சுச் செய்வதுதான் வேலை. ஆண்டவர் திரும்ப வருவார் என்று முழு மனதோடு நம்புகிறேன். ஞாயிறுதோறும் எழுந்து நின்று, உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது ஒப்புக்குச் சொல்வதில்லை. அம்மாவும் அப்பாவும் கள்ளியங்காட்டுச் சேமக்காலையில் கிடக்கிறார்கள். அவர்களைத் திரும்பப் பார்ப்பேன் என்ற நம்பிக்கையில்தான் என் நாட்கள் போகின்றன. ஆகவே வருகையை நம்பாதவள் வந்து கேலி பேசுகிறாள் என்று யாரும் இந்தக் கடிதத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

அந்தத் திகதி எங்கிருந்து வந்தது என்று பலருக்கும் தெரியும். தென்னாபிரிக்காவில் ஒருவர், ஆண்டவர் கனவில் தோன்றித் தன்னிடம் சொன்னதாக ஒரு காணொளியில் பேசினார். 2025 செப்டெம்பர் 23, 24. யூதர்களின் எக்காளப் பண்டிகை நாட்கள். அது டிக்டொக்கில் ஏறி உலகம் முழுவதும் சுற்றியது. எங்கள் பக்கத்துக்கு வந்தபோது யார் சொன்னது, எங்கே சொன்னது என்பதெல்லாம் கழன்று போய், 'கர்த்தர் வெளிப்படுத்தினார்' என்ற சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தப் போதகர் அதைத் தனக்குக் கிடைத்த வெளிப்பாடு போலவே சொன்னாராம்.

தம்பி சோம்பேறி இல்லை, ஏமாளியும் இல்லை. 61 வயதிலும் நாலு மணிக்கு எழும்புகிறவன். போதகர் சொன்ன பிறகு அவன் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? வயல் உழுகிற லேண்ட்மாஸ்டர் மெஷினை விற்றான். மூன்று இலட்சத்து இருபதாயிரம். அதில் ஒன்றரை இலட்சத்தைக் கடைசி அறுவடை ஊழியத்துக்கென்று காணிக்கையாகக் கொடுத்தான். மிச்சத்தில் உரக்கடைக் கடன், போன போகத்து அறுவடை மெஷின் கூலி, பக்கத்து வளவுக்காரரிடம் கைமாற்றாக வாங்கியது எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்தான். கடன்காரனாகக் கர்த்தருக்கு முன்னால் நிற்கக் கூடாதாம். உரக்கடை ஐயா அன்றைக்கு எனக்குப் போன் எடுத்து, "தம்பிக்கு ஏதும் சுகமில்லையா?" என்று பயந்துபோய்க் கேட்டார். கேட்காமல் வந்து கடன் அடைக்கிற ஆளைப் பார்த்து அவர் தற்கொலை என்று நினைத்திருக்கிறார்.

தம்பியின் மகள் உயர்தரப் பரீட்சை எழுத இருக்கிறாள். இது இரண்டாம் தடவை. கலைப்பிரிவு. முதல் தடவை ஒரு பாடம் கைவிட்டுவிட்டது. செப்டெம்பர் நடுவில் நான் போனபோது மேசை வெறுமையாக இருந்தது. கொப்பி, கடந்தகால வினாத்தாள் எல்லாவற்றையும் கட்டி, கூடப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளாம். "இனி என்னத்துக்கு மாமி?" என்றாள். அவள் அதைச் சொன்ன முகத்தில் துக்கம் இல்லை. ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பரீட்சை பயத்தில் தூங்காமல் கிடந்த பிள்ளைக்கு, பரீட்சையே வராது என்று யாரோ பெரிய மனிதர் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அதுதான் நெஞ்சில் குத்தியது.

23ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. அன்று பின்னேரம் நான் தம்பி வீட்டுக்குப் போனேன். தடுக்கப் போகவில்லை. நான் சொன்னால் கேட்கிற நிலையில் அவர்கள் இல்லை. விடியும்போது அவர்கள் தனியாக இருக்கக் கூடாது என்றுதான் போனேன். வீடு கழுவியிருந்தது. சட்டி பானையெல்லாம் துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மூன்று பேரும் உபவாசம். முற்றத்தில் பாய் விரித்து, வெள்ளை உடுப்போடு உட்கார்ந்து பாடினார்கள், ஜெபித்தார்கள். மாலையிலேயே தம்பி மாட்டை அவிழ்த்து வெளியே விட்டிருந்தான். நாங்கள் போன பிறகு வாயில்லாச் சீவன் கட்டையில் கட்டிக் கிடந்து சாகக் கூடாது என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது.

நடுச்சாமம் தாண்டியது. ஒரு மணிக்குப் பிள்ளை என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். மூன்று மணிக்கு மச்சாள் பாடுவதை நிறுத்தினாள். தம்பி மட்டும் கிழக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நாலரை மணி இருக்கும், படலையில் சத்தம். தம்பி திடுக்கிட்டு எழுந்து நின்றான். மாடு. இரவெல்லாம் எங்கேயோ மேய்ந்துவிட்டு, பால் கறக்கிற நேரத்துக்குப் படலைக்கு வந்து நின்று கத்துகிறது. தம்பி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்ப் படலையைத் திறந்தான். கவிழ்த்து வைத்த பாத்திரத்தில் ஒன்றை எடுத்து நிமிர்த்தி, வெள்ளை வேட்டியோடு குந்தியிருந்து பால் கறந்தான். நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை. தூரத்தில் பள்ளிவாசலின் பாங்கு கேட்டது, அப்புறம் கோயில் மணி.

பக்கத்து வளவு அக்கா சைவம். விடிந்ததும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். நாலு பேருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மெல்ல என்னிடம், "உங்கட ஆண்டவர் வரல்லியாக்கா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே எங்களுக்காகக் கவலைப்பட்டுக் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதுவரை யாரும் என் ஆண்டவரைப் பற்றி என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அவர் ஒரு வாக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்டவர் மாதிரி அல்லவா அவளுக்குத் தோன்றியிருக்கிறது? அவர் அப்படி ஒரு வாக்குக் கொடுக்கவே இல்லையே.

மத்தேயு 24ஆம் அதிகாரம் எந்தக் கிறிஸ்தவ வீட்டிலும் இருக்கிறது. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரைத் தவிர வேறு ஒருவரும் அறியார், தூதர்களும் அறியார்கள் என்று ஆண்டவர் சொன்னதாக எழுதியிருக்கிறது. மாற்கு 13ஆம் அதிகாரத்தில், குமாரனும் அறியார் என்று சேர்த்தே இருக்கிறது. ஆண்டவர் தமக்கே தெரியாது என்று சொன்னதை, ஒரு போதகர் தமக்குத் தெரியும் என்று சொல்ல எப்படித் துணிந்தார்? யுத்தங்களையும் யுத்தச் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள் என்ற வசனத்தைத்தான் எல்லாரும் எடுத்துப் பேசுகிறார்கள். அதே வசனத்தின் கடைசிச் சொற்களை வாசிப்பதில்லை: 'ஆனாலும், முடிவு உடனே வராது.' கலங்காதிருங்கள் என்று சொல்ல ஆண்டவர் எழுப்பிய பேச்சைக் கலங்கப்பண்ணுவதற்கு எடுக்கிறார்கள்.

இப்படி நாள் குறித்தது இது முதல் தடவையுமில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் கூட்டத்தார் 1844 ஒக்டோபர் 22 என்று நம்பியிருந்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் வயலில் விட்டவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். கொரியாவில் ஒரு கூட்டத்தார் 1992 ஒக்டோபர் 28 என்றார்கள். வேலையை விட்டவர்கள், சொத்தை விற்றவர்கள் நிறையப்பேர். அந்தக் கூட்டத்தின் தலைவர் மோசடிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். அந்தத் திகதி தாண்டிய பிறகு முதிர்கிற பத்திரங்களை அவர் பணம் போட்டு வாங்கி வைத்திருந்தார். 34 வருடம் பத்திரங்களோடு இருந்தவள் என்பதால் இந்தச் செய்தி என் மனதை விட்டுப் போவதில்லை. மற்றவர்களுக்கு நாளை இல்லை என்று சொன்னவர், தனக்கு மட்டும் ஒரு நாளையை எழுதி வைத்திருந்தார்.

2011 மே 21 என்று சொன்னவர் ஹெரால்ட் கேம்பிங். வானொலி நிலையம் நடத்தியவர். நாடு நாடாக விளம்பரப் பலகை வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒக்டோபர் 21 என்று மாற்றினார். அன்றைக்கும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் அவர் தான் செய்தது பிழை, பாவம் என்று எழுதி, மன்னிப்புக் கேட்டார். தொண்ணூறு வயதில். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் மதிக்கிறேன். இங்கே நாள் குறித்த போதகரிடம் இருந்து அப்படி ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை. வந்தது வேறு. நாட்காட்டிக் கணக்கில் பிழை, ஆயத்தப்படாதவர்களுக்காகக் கர்த்தர் கிருபையாகத் தவணை கொடுத்திருக்கிறார், உபவாசத்தைத் தொடருங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். நான் கேட்டேன். ஒன்பது நிமிடம். அதில் வயல் என்ற சொல் இல்லை. மாணவர்கள் என்ற சொல் இல்லை.

2022 ஜூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் முறை கொண்டுவந்தார்களே, அப்போதும் இதே கதைதான். அது மிருகத்தின் முத்திரை, அது இல்லாமல் கொள்ளவும் விற்கவும் முடியாதென்று வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரம் சொல்வது இதுதான் என்று செய்தி பரவியது. எங்கள் தெருவில் ஓட்டோ ஓட்டுகிற ஒருவர் பதியாமல் இருந்துவிட்டார். ஓட்டோ வீட்டு வாசலில் நின்றது, பிள்ளைகள் கஞ்சி குடித்தார்கள். கடைசியில் எங்கள் ஆலயப் போதகர்தான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தப் புத்தகம் ஆசியாவிலிருந்த ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது, ரோம அரசின் கீழே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்ந்த ஏழைகளுக்குத் தைரியம் சொல்ல எழுதப்பட்டது, அந்த மிருகத்தின் எண்ணான 666 என்பது நீரோ இராயனின் பெயரை எபிரெய எழுத்தில் கூட்டினால் வருகிற எண் என்று வேத அறிஞர் பலர் சொல்கிறார்கள் என்றெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இரண்டு மணித்தியாலம். அடுத்த நாள் ஓட்டோக்காரர் பதிந்தார். ஒரு போதகர் மனம் வைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உலகம் முடிகிறது என்று நான் முதலில் கேட்டது 1978 நவம்பர் 23 இரவு. எனக்கு இருபது வயது. எங்கள் ஊரில் சூறாவளியைக் கண்ட யாரையும் கேட்டுப் பாருங்கள், அந்தக் காற்றின் சத்தத்தைச் சொல்லச் சொல் கிடைக்காமல் கையைத்தான் ஆட்டுவார்கள். ஓடு ஒவ்வொன்றாகக் கழன்று பறந்தது. அம்மம்மா எங்கள் ஆறு பேரையும் கட்டிலுக்குக் கீழே தள்ளி, "ஆண்டவர் வாறார், கண்ணை மூடுங்க" என்றா. விடியப் பார்த்தால் வளவில் நின்ற தென்னை ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அப்பா ஒரு சொல்லும் பேசாமல் வளவைச் சுற்றி வந்தார். பிறகு விழுந்த மரங்களின் அடியில் தேடித் தேடி, முற்றின தேங்காய்களாகப் பொறுக்கி எடுத்துக் கிணற்றடியில் வரிசையாக அடுக்கினார். சாப்பிடவா என்று கேட்டேன். நாற்றுக்கு என்றார். வீட்டுக்குக் கூரை இல்லை, அடுப்பில் நெருப்பு இல்லை, அவர் நாற்றுக்குத் தேங்காய் அடுக்குகிறார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் கோபம் வந்தது. அந்தத் தென்னம்பிள்ளைகள் காய்க்க ஏழு வருடம் பிடித்தது. இன்றைக்கும் தம்பி வீட்டில் அரைக்கிற தேங்காய் அந்த மரங்களில் இருந்துதான் வருகிறது.

எரேமியாவின் புத்தகம் 32ஆம் அதிகாரத்தைப் போதகர்கள் அடிக்கடி பிரசங்கிப்பதில்லை. எனக்கு வேதத்தில் அதுதான் மிகவும் பிடித்த பகுதி, தொழில் காரணமாகவும்தான். பாபிலோனியப் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று எரேமியாவுக்கு நன்றாகத் தெரியும், சொன்னவரே அவர்தான். அதைச் சொன்னதற்காகக் காவலில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து, தகப்பனின் சகோதரருடைய மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரியின் படை நிற்கிற நிலம். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். உறுதி எழுதுகிறார், முத்திரை போடுகிறார், சாட்சிகள் கையெழுத்து வைக்கிறார்கள். முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் திரும்பவும் வீடும் வயலும் வாங்குவார்கள் என்று கர்த்தர் சொல்கிறார் என்கிறார்.

நாங்கள் உறுதி எழுதுவதும் அப்படித்தான். இரண்டு சாட்சி. மூலப்பிரதி வாங்கியவருக்கு, இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு, இன்னொன்று நொத்தாரிஸ் கந்தோரிலேயே வைத்திருக்கிற புரோட்டோகோல் கட்டில். மூன்று இடத்தில் ஏன் வைக்கிறோம் என்று 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது. நாவலடி, டச்பார், கல்லடித் திருச்செந்தூர் ஆட்கள் கந்தோருக்கு வந்தார்கள். உடுத்த உடுப்பு யாரோ கொடுத்தது. வீடு இல்லை, வீட்டில் இருந்தவர்களில் பாதிப்பேர் இல்லை, உறுதி இல்லை. ஒரு மனிதர், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவர், காணியின் நான்கு எல்லையையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு நின்றார். வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே கடற்கரை வீதி. அந்த எல்லைக்காரர்களில் யாருமே உயிரோடு இல்லை. நான் புரோட்டோகோலைப் புரட்டி அவருடைய உறுதியை எடுத்துக் காட்டியபோது, அந்தப் பழைய தாளில் மனைவியின் கையெழுத்து இருந்தது. அதில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அவர் சைவம். எரேமியாவைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு அந்த மண்பாண்டம் ஞாபகம் வந்தது.

எதற்கு இதைச் சொல்கிறேன்? தம்பிக்கு அந்தப் போதகர் எரேமியாவை ஒருநாளாவது காட்டியிருந்தால் லேண்ட்மாஸ்டர் விலைபோயிருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் கடுமையாகத்தான் வரும். காசாவில் 2023 ஒக்டோபரில் இருந்து பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும் செய்தியைப் பார்க்கிறோம். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாள் சண்டை பிடித்தன. இதையெல்லாம் திரையில் காட்டி, 'அடையாளம் நிறைவேறுகிறது, அல்லேலூயா' என்று கை தட்டச் சொல்கிறார்கள். தம்பி வீட்டில் அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். இடிந்த வீட்டுக்கு முன்னால் ஒரு தாய் அழுகிறாள், பின்னால் இசை. 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அந்தத் தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்களைப் படம் பிடித்து, தூர தேசத்தில் யாரோ ஒருவர் தன் சபையில் காட்டி, அடையாளம் நிறைவேறுகிறது என்று மகிழ்ந்திருந்தால் நாங்கள் தாங்கியிருப்போமா? செத்தவர்களை எண்ணிக் கணக்குப் போடுவது தீர்க்கதரிசனம் ஆகாது. அழுகிறவர்களோடு அழுங்கள் என்றுதான் அப்போஸ்தலன் எழுதினார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நாங்கள் ஆலயத்தில் இருந்தோம். ஒன்பது மணி கொஞ்சம் கழிய, குண்டு வெடித்த அந்தச் சத்தம் கேட்டது. சீயோன் தேவாலயம். ஞாயிறு பாடசாலை முடித்து, முற்றத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டு நின்ற பிள்ளைகள். எத்தனை பெட்டி, எவ்வளவு சின்னப் பெட்டிகள். அதற்குப் பிறகும் சிலர் வந்தார்கள். இது கடைசிக் காலத்தின் அடையாளம் என்றார்கள். இது நடக்கும் என்று முன்னமே தரிசனம் கண்டேன் என்றவர்களும் உண்டு. கண்டவர் முதல்நாள் அந்தப் படலையில் போய் நின்று சொல்லியிருக்க வேண்டாமா? பிள்ளையை அடக்கம் பண்ணின ஒரு தாய்க்கு நான் சில மாதம் ஞாயிறு பின்னேரங்களில் துணையாக இருந்தேன். அவளுக்கு ஆண்டவர் வருகிற நாள் வேண்டும், எங்கள் எல்லாரையும் விட அதிகமாக வேண்டும். அவள் ஒரு தடவைகூடத் திகதி கேட்டதில்லை. காலையில் எழும்பி மற்றப் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிப் பள்ளிக்கு அனுப்புவாள். காத்திருப்பது என்றால் என்னவென்று எனக்குக் காட்டியது அவள்தான்.

இது பெந்தெகொஸ்தே சபைகளைக் குறை சொல்லும் கடிதம் என்று எடுக்க வேண்டாம். தம்பிக்குக் குடிப்பழக்கம் விட்டது அந்த ஜெபவீட்டில்தான். எங்கள் பெரிய ஆலயத்தில் பத்து வருடம் பின் வாங்கில் உட்கார்ந்திருந்தான், யாரும் அவன் பெயரைக் கேட்கவில்லை. அங்கே போன முதல் கிழமை வீட்டுக்கு வந்து சேர்ந்து ஜெபித்தார்கள். பிள்ளைக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் மாறி மாறி நின்றார்கள். வேலை குறைந்து, விலை ஏறி, பிள்ளைகள் டுபாய்க்கும் கட்டாருக்கும் போய்விட்ட வீடுகளில் மனிதருக்கு ஒரு நிச்சயம் வேண்டியிருக்கிறது. அந்தத் தேவையை நாங்கள், பழைய சபைக்காரர், கவனிக்காமல் விட்டோம். வருகையைப் பற்றி எங்கள் பிரசங்க மேடையில் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தால் எனக்கு நினைவு வரவில்லை. நாங்கள் பேசாமல் விட்ட இடத்தில் வேறொருவர் திகதியோடு வந்து பேசினார். எங்கள் போதகர்கள் மத்தேயு 24ஐத் திறந்து வைத்து, ஒரு மாதத்துக்காவது சபைகளில் பாடம் எடுக்க வேண்டும். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் எங்கள் ஊருக்கு வந்தார், அடுத்த வருடமே இறந்துபோனார். அவருக்குக் கிடைத்தது ஒரு வருடம்கூட இல்லை. அதற்குள் பள்ளிக்கூடம் தொடங்கினார். எங்கள் மத்திய கல்லூரி இன்றைக்கும் நிற்கிறது.

அந்தப் போதகருக்கு நேரடியாகவே சொல்கிறேன். இதை வாசித்தால் நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கர்த்தரின் பெயரால் ஒருவன் சொன்னது நடக்காமல் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று உபாகமம் 18இல் இருக்கிறது. ஐயா, அதே ஜெபவீட்டில், அதே ஒலிபெருக்கியில், நான் சொன்னது பிழை என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் உங்கள் மரியாதை குறையாது. தம்பி இன்னும் தன் விசுவாசத்தில்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தான் ஆயத்தமாக இல்லாததால்தான் ஆண்டவர் வரவில்லை என்று இரவில் எழுந்திருந்து அழுகிறானாம், மச்சாள் சொன்னாள். அந்தப் பாரத்தை அவன் தலையில் வைத்தது நீங்கள், இறக்கி வைக்க வேண்டியதும் நீங்கள்.

பிள்ளையின் கொப்பிகளை வாங்க நான்தான் போனேன், அவளுக்குப் போக வெட்கம். அந்தக் கூட்டுக்காரி காத்தான்குடிப் பிள்ளை. கட்டை அவிழ்க்காமல் அப்படியே வைத்திருந்தாள். இவள் வகுப்புக்குப் போகாத நாட்களின் பாடங்களைத் தனியாக ஒரு கொப்பியில் எழுதிச் சேர்த்தும் வைத்திருந்தாள். "அவ வருவா எண்டு தெரியும் ஆன்ட்டி" என்றாள். பரீட்சை அடுத்த மாதம். இப்போது படிக்கிறாள், இரவு ஒரு மணி வரைக்கும் லைட் எரிகிறது.

வயலுக்கு வருவோம். என் காப்பை ஈடு வைத்து, போன சனிக்கிழமை கூலிக்கு டிராக்டர் பிடித்து முதல் உழவு முடித்தாயிற்று. தம்பி வரம்பில் நின்று பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் மண்வெட்டியை எடுத்து உடைந்த வாய்க்காலைக் கட்டினான். மூன்று மாத நெல் போட்டால் இன்னும் காலம் இருக்கிறது. கார்த்திகை வெள்ளம் வருமுன் பயிர் நிமிர்ந்துவிட வேண்டும். ஏழு புசல் விதைநெல் வேண்டும், நாலு கிடைத்திருக்கிறது. இரண்டாம் உழவுக்கும் உரத்துக்கும் இன்னும் பணம் இல்லை. அந்த ஒன்றரை இலட்சத்தை முழுதாகத் திருப்பிக் கேட்கவில்லை ஐயா. விதைப்புக்கு ஆகிறதை மட்டும் இந்தக் கிழமைக்குள் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வீடு உங்களுக்குத் தெரியும்.

தம்பியை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதால் என் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நொத்தாரிஸ் கந்தோர் லிகிதர்,
கல்லடி, மட்டக்களப்பு.